கடை வாசலில் 3 கிழமையாகக் குழி. "பெர்மிட் இருக்கிறது" என்கிறது கவுன்சில். அந்தப் பெர்மிட் எதற்கு?

மூலைக்கடை | திங்கள், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். இன்றைக்கு எரிச்சலில் எழுதுகிறேன்.

வடமேற்கு லண்டனில், பஸ் நிறுத்தத்துக்கு அடுத்த மூலையில் எங்கள் கடை. மரக்கறி, அரிசி, மீன், பூசைச் சாமான் எல்லாம் உண்டு. போன மாதம் ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது நடைபாதையில் சிவப்பு ஸ்பிரேயால் கோடும் அம்புக்குறியும் போட்டிருந்தது. அடுத்த நாள் பிளாஸ்டிக் வேலி வந்தது, அதற்கடுத்த நாள் குழி. மின்சாரக் கேபிளில் ஏதோ இணைக்கவேண்டுமாம். முதல் இரண்டு நாள் சத்தம் காதைப் பிளந்தது. வேலை நடக்கிறதுதானே என்று பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு 9 நாள் ஒரு குருவி வரவில்லை. குழிக்குள் மழைத்தண்ணீர், அதில் ஒரு கிரிஸ்ப்ஸ் பாக்கெட். தினமும் நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இறங்குகிற நாள். வான் நிற்க இடமில்லை. பக்கத்து வீதியில் நிறுத்தி 14 பெட்டியை நானும் மகனும் தோளில் சுமந்தோம். வயதான சனம் வேலியைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கச் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறது.

எங்கள் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்கு போன் அடித்தேன். 25 நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பிள்ளை மரியாதையாகச் சொன்னது: "அவர்களிடம் பெர்மிட் இருக்கிறது, சார்." அவ்வளவுதான். பெர்மிட் கொடுத்தது யார்? கவுன்சில்தானே? அப்படியென்றால் அதை நிறுத்தவும் அவர்களால் முடியாதா?

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10.40

அண்ணே, இதில் என்ன குழப்பம்? பார்க்கிங் ஃபைன் மாதிரி இதுவும் ஒரு வசூல். ஒவ்வொரு குழிக்கும் கம்பெனி கவுன்சிலுக்குக் கட்டணம் கட்டுகிறது. குழி கூடினால் காசு கூடும். பிறகு ஏன் நிறுத்தப்போகிறார்கள்?

மஞ்சள்சட்டை | செவ்வாய், காலை 7.05

ஒரு கவுன்சிலில் இந்தப் பெர்மிட் பிரிவிலேயே 8 வருடம் வேலை செய்தவர் பேசுகிறேன். எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள். கணக்குப்பிள்ளைக்குப் பிறகு வருகிறேன், முதலில் கடைக்காரருக்கு.

நீங்கள் நினைப்பதுபோல் பெர்மிட் என்பது தோண்டுவதற்கான அனுமதி இல்லை. தோண்டுகிற உரிமை அவர்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. தண்ணீர், காஸ், மின்சாரம், தொலைபேசிக் கம்பெனிகள் பொதுத் தெருவுக்கு அடியில் குழாயும் கேபிளும் போட நாடாளுமன்றம் எப்போதோ உரிமை கொடுத்துவிட்டது. "எங்கள் தெருவில் தோண்டாதே" என்று கவுன்சில் பொதுவாகச் சொல்ல முடியாது. எப்போது, எத்தனை நாள், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தை அடைத்து என்று மட்டும்தான் பேரம் பேசலாம். அந்தப் பேரத்தின் பெயர்தான் பெர்மிட்.

சுருக்கமாகச் சொன்னால் கவுன்சில் இடத்தைக் கொடுப்பதில்லை, நாளைக் கொடுக்கிறது.

மூலைக்கடை | செவ்வாய், காலை 7.31

நன்றி அண்ணை. அப்படியென்றால் முன்பு பெர்மிட்டே இல்லாமல் தோண்டினார்களா?

மஞ்சள்சட்டை | செவ்வாய், மதியம் 1.15

அண்ணை இல்லை, அக்கா. பரவாயில்லை, வேலையிலும் ஃபோனில் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஆமாம், தோண்டினார்கள். 1991இல் வந்த 'நியூ ரோட்ஸ் அண்ட் ஸ்ட்ரீட் வொர்க்ஸ்' சட்டப்படி கம்பெனி ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும்: "இந்தத் தேதியில் வருகிறோம்." கவுன்சில் அதைப் பதிந்துகொள்ளும், இரண்டு பேர் ஒரே இடத்தில் மோதினால் சமாதானம் பேசும். பெரும்பாலும் கேட்டால் கேட்பார்கள், கேட்காவிட்டால் இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி. தேதியை மாற்றச் சொல்லி நீங்கள் பதில் போட முடியுமா?

2004இல் 'டிராஃபிக் மேனேஜ்மென்ட்' சட்டம் வந்தது. அதுதான் இங்கிலாந்தில் கவுன்சில்களைப் பெர்மிட் திட்டம் தொடங்க விட்டது. விதிகள் 2007இல், முதல் திட்டங்கள் 2010இல்: கென்ட் கவுன்டியும் லண்டனும். லண்டனில் எல்லாக் கவுன்சிலும் ஒரே நாளில் சேரவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2015 வரை ஒவ்வொரு திட்டத்துக்கும் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும், பிறகு கவுன்சிலே உத்தரவு போட்டுக்கொள்ளலாம் என்றானது. அப்படியும் பலர் அசையவில்லை. 2018இல் மத்திய அரசு மிச்சமிருந்த கவுன்சில்களுக்குக் கடிதம் போட்டு 2019 மார்ச்சுக்குள் தொடங்கச் சொன்னது.

இன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதுதான் முறை. விண்ணப்பங்கள் 2020 ஜூலையிலிருந்து 'ஸ்ட்ரீட் மேனேஜர்' என்ற ஒரே அரசு மென்பொருளுக்குள் வருகின்றன. வருடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் வேலைகள். எங்கள் அறையில் ஆறு பேர் இருந்தோம். திங்கள் காலை திரையைத் திறந்தால் புளியமரத்தை உலுக்கின மாதிரி கொட்டும்.

மூலைக்கடை | செவ்வாய், மதியம் 2.02

சரி அக்கா. என் குழிக்கும் உங்களைப்போல ஒருவர் உட்கார்ந்து "சரி" சொல்லியிருப்பார். என்னத்தைப் பார்த்துச் சொல்வார்?

மஞ்சள்சட்டை | செவ்வாய், இரவு 8.50

நல்ல கேள்வி. இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்லவேண்டும்.

முதலில் வேலையின் அளவு. 3 வேலை நாளுக்குள் முடிந்தால் 'மைனர்'. 4 முதல் 10 வரை 'ஸ்டாண்டர்ட்'. அதற்கு மேல் போனாலோ, தெருவையே மூட உத்தரவு தேவைப்பட்டாலோ 'மேஜர்'. மேஜருக்கு 3 மாதம் முன்பே ஒரு முன்விண்ணப்பம், பிறகு வேலைக்கு 10 வேலை நாள் முன்பு முறையான விண்ணப்பம். ஸ்டாண்டர்டுக்கு 10 நாள் முன்பு, மைனருக்கு 3 நாள் முன்பு. இவை தவிர 'இமீடியட்' என்று ஒன்று: காஸ் கசிவு, குழாய் வெடிப்பு, வீட்டுக்குக் கரண்ட் இல்லை. இதற்கு முதலில் தோண்டிவிட்டு 2 மணி நேரத்துக்குள் விண்ணப்பித்தால் போதும்.

ஒரு விண்ணப்பம் வந்தால் நான் முதலில் வரைபடத்தைத்தான் திறப்பேன். அந்தத் தெரு 'டிராஃபிக் சென்சிட்டிவ்' (எளிதில் நெரிசலாகிற தெருக்கள்) பட்டியலில் இருக்கிறதா? பஸ் போகிறதா? பள்ளிக்கூடம் எங்கே? அதே வாரம் இணையான தெருவில் வேறு யாராவது விளக்குக் கம்பம் மாற்றுகிறார்களா? வழி திருப்பிவிடுகிற தெருவிலேயே இன்னொரு குழி இருந்தால் கதை முடிந்தது.

ஒரு உதாரணம், பெயரில்லாமல். ஒரு கம்பெனி கடைத்தெருவில் 8 நாள் கேட்டது, இரண்டு பக்க சிக்னல் விளக்கோடு. அவர்கள் அனுப்பிய படத்தில் குழியின் நீளம் 2 மீட்டர். இரண்டு மீட்டருக்கு 8 நாளா? திருப்பி அனுப்பினேன். 6 நாள் என்று வந்தது. மறுபடி திருப்பினேன், "மூன்றாம் நாள் கான்கிரீட், அதற்கு மேல் என்ன?" என்று கேட்டு. கடைசியில் 5 நாள், காலை 9.30க்கு முன் வேலை கூடாது, மாலை 3.30க்கு மேல் சிக்னலை எடுத்துவிட்டுக் குழியின் மேல் இரும்புத் தகடு போடவேண்டும், பஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். இவை எல்லாம் பெர்மிட்டோடு ஒட்டிய நிபந்தனைகள். மீறினால் அபராதம்.

அந்த மூன்று நாள் குறைப்புக்காகத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே யாருக்கும் தெரியாது. நடக்காமல் போன நெரிசலுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

தார்வாசம் | செவ்வாய், இரவு 11.20

அக்கா, அந்த 8 நாள் கேட்ட ஆட்களில் நானும் இருந்திருப்பேன் 😄

நான் மற்றப் பக்கம். 12 வருடமாகக் கான்ட்ராக்டர் கீழே தோண்டுகிற கும்பலில் இருக்கிறேன். மூலைக்கடை அண்ணைக்கு அந்த 9 நாள் ஏன் ஒருவரும் வரவில்லை என்று நான் சொல்கிறேன்.

நாங்கள் தோண்டுகிற கேங். வந்தோம், ஸ்கேனர் வைத்துப் பார்த்தோம், வெட்டினோம், கேபிளைக் கண்டோம், போய்விட்டோம். கேபிளைத் தொட எங்களுக்குத் தகுதி இல்லை. அதற்குக் கேபிள் இணைக்கிற ஜாயின்டர் வேண்டும், அவர் வேறு கம்பெனி. எங்காவது ஒரு ஆஸ்பத்திரிக்கோ ரயில் நிலையத்துக்கோ கரண்ட் போனால் அவரை அங்கே இழுத்துவிடுவார்கள். அவர் வந்து முடித்தபிறகு மண் நிரப்ப ஒரு கேங், அது இன்னொரு சப்-கான்ட்ராக்டர். பிறகு தார் போட ஒரு லொறி, தார் சூடாக இருக்கவேண்டும், அதனால் ஒரே பாதையில் ஏழெட்டுக் குழி சேர்ந்தால்தான் லொறி கிளம்பும். எல்லாம் முடிந்தபிறகு வேலியை எடுக்க ஒரு பெடியன் தனி வானில் வருவான். அவனும் வேறு கம்பெனி.

ஒரு குழிக்கு ஐந்து வான். ஐந்து பேருக்கும் பொதுவானது அந்தப் பெர்மிட் திகதி ஒன்றுதான். அது மட்டும் இல்லாவிட்டால் உங்கள் கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டுக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும்.

மூலைக்கடை | புதன், காலை 6.48

தம்பி, கடை திறக்கும்போதே சிரிக்க வைத்துவிட்டீர்கள். ஆனால் ஐந்து வானை ஒன்றாக அனுப்பக்கூடாதா?

தார்வாசம் | புதன், காலை 6.55

அனுப்பலாம் அண்ணை. செலவு கூடும். கூடுதல் நாள் நிற்பதற்கு அதைவிடக் கூடுதல் செலவு வைத்தால்தான் அனுப்புவார்கள். வைட்ஹோல் அரசு அலுவலகங்களில் இருந்து வருகிற சட்டத்தைவிட எங்கள் போர்மனுக்கு அந்தக் கணக்குத்தான் புரியும்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 9.10

அக்கா எனக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கட்டணம் எவ்வளவு?

மஞ்சள்சட்டை | புதன், மதியம் 12.40

மறக்கவில்லை. 2007 விதிகள் வைத்த உச்சவரம்பு இது. பரபரப்பான தெருவில் மேஜர் வேலைக்கு முன்விண்ணப்பம் 105 பவுண்டு, பெர்மிட் 240. ஸ்டாண்டர்ட் 130, மைனர் 65, இமீடியட் 60. அமைதியான குடியிருப்புத் தெருவில் இதைவிடக் குறைவு. இரண்டு கம்பெனி ஒரே குழியைப் பகிர்ந்துகொண்டால் தள்ளுபடி உண்டு. ஒரு பெரிய கம்பெனிக்கு 240 பவுண்டு என்பது தார் லொறி டிரைவரின் ஒருநாள் செலவு. அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

அந்தக் காசில் கவுன்சில் லாபம் பார்க்கவும் கூடாது. பெர்மிட் திட்டத்தை நடத்துகிற செலவுக்கு மட்டும்தான், அதுவும் கம்பெனிகளின் வேலை சார்ந்த செலவுக்கு. மிஞ்சினால் அடுத்தடுத்த வருடங்களில் கட்டணத்தைக் குறைத்துச் சரிசெய்யவேண்டும். கவுன்சிலே தெருவுக்குத் தார் போட்டாலும் அதற்கும் பெர்மிட் எடுக்கவேண்டும், பணம் மட்டும் கட்டுவதில்லை. ஒரே அளவுகோல் இருவருக்கும் என்பது சட்டம். எங்கள் பக்கத்து மேசைக்காரரின் தார் வேலையை நானே இரண்டுமுறை மறுத்திருக்கிறேன். டீ இடைவேளையில் பேசமாட்டார்.

காசு கடிக்கிற இடம் வேறு. ஒத்துக்கொண்ட நாளைத் தாண்டினால் 1991 சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நாள் வாடகை மாதிரி ஒரு அபராதம் ஓடும். மிக முக்கியமான தெருவில் பெரிய வேலை என்றால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 பவுண்டு வரை, நாலாம் நாளிலிருந்து 10,000 வரை. தார்வாசம் சொன்ன போர்மன் கணக்கு இதுதான். சின்னத் தெருவில் இந்தத் தொகை நன்றாகக் குறையும், அதனால்தான் சின்னத் தெருக்களில் வேலி அதிக நாள் தூங்குகிறது.

லண்டனில் இன்னொன்றும் உண்டு. 2012 ஜூனில் லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் 'லேன் ரென்டல்' (பாதை வாடகை) தொடங்கியது. மிக நெரிசலான சாலைகளில் நெரிசல் நேரத்தில் பாதையை அடைத்தால் அப்போது நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை வாடகை. அடுத்த வருடம் கென்ட், பிறகு 2021இல் சர்ரே. இரவில் வேலை செய்தால் வாடகை இல்லை. உடனே எல்லோருக்கும் இரவு வேலை பிடித்துப்போனது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் போனது, அது வேறு கதை.

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 1.05

சரி, வசூல் என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று. நீங்கள் பதில் போடத் தாமதித்தால் கம்பெனி காத்திருக்குமா?

மஞ்சள்சட்டை | புதன், மதியம் 1.30

காத்திருக்காது. குறித்த நாளுக்குள் நாங்கள் பதில் போடாவிட்டால் பெர்மிட் தானாகவே கிடைத்ததாகக் கணக்கு. மைனருக்கு எங்களுக்கு 2 நாள், ஸ்டாண்டர்டுக்கும் மேஜருக்கும் 5 நாள், முன்விண்ணப்பத்துக்கு ஒரு மாதம். யாராவது இருவர் லீவில் போனால் ஒரு வெள்ளி மாலையில் பத்திருபது பெர்மிட் யாரும் பார்க்காமலே பச்சையாகிவிடும். இது எங்களுக்குள் பேசிக்கொள்ள வெட்கப்படுகிற விஷயம். உங்கள் குழி அப்படி நழுவியதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நழுவுவது உண்டு.

தள்ளுவண்டி_அம்மா | புதன், பிற்பகல் 3.50

கார், பஸ், வான் என்றே பேசுகிறீர்களே. நடக்கிறவர்களை யார் பார்க்கிறார்கள்? போன வாரம் இரட்டைக் குழந்தை வண்டியோடு நடைபாதையில் போனால் வேலிக்கும் சுவருக்கும் நடுவில் வண்டி சிக்கிக்கொண்டது. பின்னாலும் எடுக்க முடியவில்லை. சின்னவன் செருப்பைக் கழற்றிக் குழிக்குள் போட்டுவிட்டான். ஒரு தபால்காரர்தான் தூக்கிவிட்டார். செருப்பு இன்னும் அங்கேதான்.

மஞ்சள்சட்டை | புதன், மாலை 6.20

அது பெர்மிட் மீறலைவிடப் பெரிய தவறு, பாதுகாப்புத் தவறு. தெரு வேலை செய்கிற எல்லோரும் கையில் வைத்திருக்கவேண்டிய சிவப்பு அட்டைக் கையேடு ஒன்று உண்டு. நடக்க விடவேண்டிய அகலம் 1.5 மீட்டர், எந்தக் காரணத்துக்காகவும் 1 மீட்டருக்குக் குறையக்கூடாது. அவ்வளவு இடம் இல்லையென்றால் சாலையில் ஒரு பாதை ஒதுக்கி, வேலி போட்டு, விளிம்பில் சாய்தளம் வைக்கவேண்டும். கவுன்சிலுக்குச் சொல்லும்போது "வண்டி போகவில்லை" என்று சொல்லாதீர்கள், "1 மீட்டர் இல்லை" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு இன்ஸ்பெக்டர் உடனே கிளம்புவார்.

தார்வாசம் | புதன், மாலை 6.34

செருப்பு என்ன நிறம் அக்கா? எங்கள் ஏரியா என்றால் எடுத்துத் தருகிறேன்.

தள்ளுவண்டி_அம்மா | புதன், மாலை 6.41

நீலம். டைனோசர் போட்டது. இடது கால்.

கிளாஸ்கோ_குளிர் | புதன், இரவு 9.15

ஸ்கொட்லாந்தில் பெர்மிட் முறையே கிடையாது. எல்லோரும் ஒரு தேசியப் பதிவேட்டில் போடவேண்டும், மேலே ஒரு ரோட் வொர்க்ஸ் கமிஷனர் உட்கார்ந்து கவுன்சிலையும் கம்பெனியையும் சேர்த்துக் கண்காணிக்கிறார். குழி மட்டும் இங்கேயும் அதே குழி.

அடையாறு_காற்று | வியாழன், காலை 5.20

சென்னையில் மழைக்காலம் வந்தால் ரோடு வெட்ட மாநகராட்சி தடை போடும். அதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து வெட்டிவிடுவார்கள். அதைப்பற்றி...

மட்டுறுத்துநர் | வியாழன், காலை 8.00

சென்னைக்குத் தனி இழை தொடங்குங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன். இங்கே இங்கிலாந்து மட்டும்.

மூலைக்கடை | வியாழன், காலை 11.25

ஒரு முன்னேற்றம். நேற்றிரவு குழியை மூடித் தார் போட்டுவிட்டார்கள். ஆனால் வேலி அப்படியே நிற்கிறது, மணல் மூட்டை எட்டு, உடைந்த சிவப்புப் பலகை ஒன்று.

வேலியில் தொங்குகிற மஞ்சள் பலகையை இன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன். கம்பெனி பெயர், ஃபோன் நம்பர், நீளமாக ஒரு பெர்மிட் நம்பர். முடியும் திகதி போன சனிக்கிழமை.

மஞ்சள்சட்டை | வியாழன், மதியம் 12.10

அருமை. இப்போது ஒரு வேலை செய்யுங்கள். 'ஒன்.நெட்வொர்க்' என்ற வரைபடத் தளத்தில் உங்கள் தெருவைத் தட்டிப் பாருங்கள். நீட்டிப்பு வாங்கியிருந்தால் புதிய தேதி அங்கே இருக்கும். என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

மூலைக்கடை | வியாழன், மதியம் 12.35

ஒன்றுமே இல்லை அக்கா! எங்கள் கடைக்கு முன்னால் எந்த வேலையும் இல்லை என்கிறது வரைபடம். நான் வேலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இல்லை.

தார்வாசம் | வியாழன், மதியம் 12.38

ஓகோ. 'ஸ்டாப்' போட்டுவிட்டார்கள்.

மஞ்சள்சட்டை | வியாழன், மதியம் 1.20

அதேதான். அலுவலகத்தில் யாரோ கணினியில் "வேலை முடிந்தது" என்று தட்டிவிட்டார்கள், சனிக்கிழமைத் தேதியோடு இருக்கும். சட்டப்படி வேலை முடிவது தார் போடும்போது இல்லை. வேலி, பலகை, மணல் மூட்டை, மிச்ச மண் எல்லாம் போய்த் தெரு காலியாகும்போதுதான். அதுவரை 74ஆம் பிரிவு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதை நிரூபிக்கவேண்டியது கவுன்சில். இன்ஸ்பெக்டர் ஒரு நாளில் எத்தனை தெருவுக்குப் போவார்?

எனவே நீங்கள்தான் அவருடைய கண். வேலி, பெர்மிட் பலகை, கடைப் பெயர் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். தேதி படத்துக்குள்ளேயே தெரிந்தால் நல்லது. அன்றைய பேப்பர் கட்டை அருகில் வையுங்கள். பழைய படம் ஏதாவது இருக்கிறதா? போன திங்கள், செவ்வாய்?

மூலைக்கடை | வியாழன், மதியம் 1.44

திங்கட்கிழமை மனைவிக்குக் காட்ட அந்தக் கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டைப் படம் எடுத்தேன். செவ்வாயும் எடுத்தேன்.

மஞ்சள்சட்டை | வியாழன், மதியம் 1.50

திறந்த குழியா? "முடிந்தது" என்று சொன்ன தேதிக்குப் பிறகு? அந்தப் பாக்கெட்டைச் சாமி மாடத்தில் வையுங்கள்.

கவுன்சிலின் பொது நம்பருக்கு அடிக்காதீர்கள். 'ஸ்ட்ரீட் வொர்க்ஸ்' பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பெர்மிட் நம்பரைத் தலைப்பிலேயே போட்டு. "தொந்தரவாக இருக்கிறது" என்று எழுதினால் அது புகார். "இந்தப் பெர்மிட்டின் வேலை இன்னும் நடக்கிறது, தளத்தில் முடிந்ததாகக் காட்டுகிறது, படம் இணைப்பில்" என்று எழுதினால் அது சாட்சி.

கணக்குப்பிள்ளை | வியாழன், மாலை 5.30

இவ்வளவு தெரிந்த கம்பெனிகள் இன்னொரு ஓட்டையும் வைத்திருக்குமே. எல்லாவற்றையும் 'இமீடியட்' என்று போட்டுவிட்டால் முன்கூட்டிக் கேட்கவே வேண்டாம்.

தார்வாசம் | வியாழன், மாலை 6.15

போடுவார்கள். நான் மறைக்கவில்லை. திங்கள் காலை 8 மணிக்கு "அவசரம்" என்று ஒரு வேலைத்தாள் வரும், போய்ப் பார்த்தால் தண்ணீர் துளித்துளியாக வருகிறது, அங்கே பாசி பிடித்திருக்கிறது. பாசி பிடிக்கிற அவசரம் என்ன அவசரம்? ஆனால் அண்ணை, உண்மையான அவசரமும் உண்டு. ஒரு மார்கழி இரவு காஸ் மணக்கிறது என்று போய் விடியும்வரை நின்றிருக்கிறோம், ஒரு தெருவையே வெளியேற்றினார்கள். அந்த நேரம் பெர்மிட்டுக்குக் காத்திருக்கச் சொல்வீர்களா?

மஞ்சள்சட்டை | வியாழன், இரவு 9.00

பாசிக் கதை எனக்கும் தெரியும். ஏன் அவசரம் என்று காட்டுவது கம்பெனியின் பொறுப்பு. நான் எப்போதும் படம் கேட்பேன். பெர்மிட்டே இல்லாமல் வேலை செய்தால் 2007 விதிகளில் வைத்த அபராதம் 500 பவுண்டு, சீக்கிரம் கட்டினால் 300. நிபந்தனை மீறினால் 120, சீக்கிரம் என்றால் 80 என்று இருந்தது. அப்போது பெர்மிட் நம்பரைப் பலகையில் போடாவிட்டால்கூட 120தான், காலை நெரிசலில் பாதையை அடைத்தாலும் 120தான். இதை நான் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. ஒன்று மறதி, மற்றது பேராசை.

ஈலிங்_அடியார் | வெள்ளி, காலை 10.05

இடையில் ஒரு சந்தேகம். ஆகஸ்டில் வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் தேர் வீதிக்கு வருகிறது. அந்த ஞாயிறு யாராவது குழி வெட்டி வைத்தால்?

மஞ்சள்சட்டை | வெள்ளி, மதியம் 12.25

பெரிய விழாக்களுக்குத் தெரு மூடும் உத்தரவு முன்பே வாங்குவார்கள், அது பெர்மிட் பார்க்கிறவரின் நாட்காட்டியிலும் ஏறும். அந்த வார இறுதிக்கு விண்ணப்பம் வந்தால் மறுக்கலாம், அல்லது வெள்ளி மாலைக்குள் மூடிவிடவேண்டும் என்று நிபந்தனை போடலாம். வெறும் தகடு போட்டால் போதாது. ஆயிரக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு வருவார்கள், தேங்காய் உடைப்பார்கள், அங்கப்பிரதட்சணம் செய்வார்கள். கோவில் நிர்வாகம் தேதியை எவ்வளவு முந்திச் சொல்கிறதோ அவ்வளவு நல்லது. பஞ்சாங்கம்தான் ஒரு வருடம் முன்பே வந்துவிடுகிறதே.

மூலைக்கடை | சனி, இரவு 9.48

வியாழன் இரவு மின்னஞ்சல் அனுப்பினேன், அக்கா சொன்ன வார்த்தைகளிலேயே. வெள்ளி 11 மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். வேலியை, தாரை, சுற்றிலும் 20 படம் எடுத்திருப்பார். என் பழைய படங்களையும் கேட்டு வாங்கினார். மூன்று மணிக்கு ஒரு பெடியன் தனி வானில் வந்து வேலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். தம்பி சொன்ன அந்த ஐந்தாவது வான்!

எனக்கு நஷ்டஈடு ஏதாவது உண்டா?

மஞ்சள்சட்டை | ஞாயிறு, காலை 9.30

இங்கே கெட்ட செய்திதான். காஸ் வேலைக்கும் தண்ணீர் வேலைக்கும் சில நிபந்தனைகளோடு வியாபார நஷ்டம் கேட்கச் சட்டம் இருக்கிறது. மின்சாரத்துக்கும் தொலைத்தொடர்புக்கும் அப்படி இல்லை. உங்களுடையது மின்சாரம். கவுன்சில் வாங்குகிற அபராதத்திலும் கடைக்காரருக்குப் பங்கு கிடையாது. கம்பெனிக்கு எழுதிப் பாருங்கள், நல்லெண்ணமாக ஏதாவது தரக்கூடும்.

மூலைக்கடை | (7 கிழமை கழித்து) செவ்வாய், காலை 7.20

இழையைத் தூசி தட்டுகிறேன். அந்தத் தார் ஒட்டு இறங்கிவிட்டது. மழை பெய்தால் சரியாக என் வாசலில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. இனி யாருடைய பொறுப்பு? கவுன்சிலா?

மஞ்சள்சட்டை | செவ்வாய், மதியம் 12.15

தோண்டியவர் பொறுப்பு. 2 வருடத்துக்கு உத்தரவாதம், ஆழமான குழி என்றால் 3 வருடம். ஒரு அளவுகோலைக் குறுக்கே வைத்து, நடுவில் இடைவெளி தெரிகிற மாதிரி படம் எடுத்து அதே பிரிவுக்கு அனுப்புங்கள். பழைய பெர்மிட் நம்பரோடு.

தார்வாசம் | செவ்வாய், மாலை 5.05

மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடிக்கவேண்டும் அண்ணை. அவசரத்தில் ஒரே தட்டாகக் கொட்டி மேலே மட்டும் இடித்திருப்பார்கள். நான் இல்லை, நான் தோண்டுகிற கேங்.

பிற்குறிப்பு: தள்ளுவண்டி அக்கா, நீலச் செருப்பு கிடைக்கவில்லை. அந்தக் குழியை மூடிவிட்டார்கள், செருப்போடு.

மூலைக்கடை | (இன்னும் 2 கிழமை கழித்து) திங்கள், காலை 7.02

ஷட்டரைத் தூக்கினேன். அதே இடத்தில் வேலி, புதிய மஞ்சள் பலகை, பெர்மிட் நம்பர் இருக்கிறது. முடியும் திகதி வியாழன். இன்றைக்கு ஒரே வானில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள், தார் லொறி 2 மணிக்காம். பேப்பர் கட்டை வேலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முதல் படம் எடுத்தாயிற்று.